கபீல்: ஒரு சொல்லின் சரித்திரமும் நம் கரையோரத்தின் கணக்கும்

அக்கரைப்பற்றில் ஒருவர் சவூதிக்கோ கட்டாருக்கோ பயணம் என்றால் இரண்டு கேள்விகள் தவறாமல் வரும். “சம்பளம் எவ்வளவாம்?” என்பது ஒன்று. “கபீல் எப்பிடி, நல்ல மனிசனாமா?” என்பது மற்றது. முதல் கேள்விக்கு ஏஜென்சிக்காரர் உடனே பதில் சொல்லிவிடுவார். இரண்டாவது கேள்விக்கு, போய்ச் சேர்ந்து ஒரு மாதம் போன பிறகுதான் பதில் கிடைக்கும்.

மூன்றாவது கேள்வி ஒன்று இருக்கிறது. அதை இங்கே யாரும் கேட்பதில்லை. “அங்கேயே நிரந்தரமா இருக்க ஏலுமா?” என்ற கேள்வி அது. விடை எல்லோருக்கும் தெரியும் என்பதால்தான் கேட்பதில்லை. ஆனால் அதே தெருவில் ஒரு பிள்ளை மெல்போர்னுக்கோ டொரொன்டோவுக்கோ போனால் “பி.ஆர். கிடைக்குமா?” என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும்.

இரண்டு பயணத்துக்கும் ஒரு தொழில்தருநரின் கையெழுத்து தேவைப்படலாம். ஒரு கையெழுத்து சில வருடங்களில் மனிதனை அந்த நாட்டின் குடிமகனாக்குகிறது. மற்றது நாற்பது வருடம் உழைத்தாலும் அவனை வந்த வழியே திருப்பி அனுப்புகிறது. இந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது? அதற்கு ‘கபீல்’ என்ற சொல்லின் சரித்திரத்தைக் கொஞ்சம் பின்னோக்கிப் பார்க்க வேண்டும்.

பிக்ஹில் கபாலா

கபீல் என்பது நமக்குப் புதிய சொல்லல்ல. மர்யம் அலைஹிஸ்ஸலாம் அவர்களைப் பராமரிக்கும் பொறுப்பை ஸகரிய்யா நபியவர்கள் ஏற்றதைக் குர்ஆன் ஆலு இம்ரான் அத்தியாயத்தில் சொல்லும்போது இந்தச் சொல்லின் வேரைத்தான் கையாளுகிறது. அநாதையைப் பொறுப்பேற்பவரின் சிறப்பைச் சொல்லும் பிரபலமான ஹதீஸிலும் அவர் கபீல் என்றே அழைக்கப்படுகிறார்.

பிக்ஹு நூல்களில் ‘கபாலா’ தனி ஒரு பாடம். ஒருவர் மீதுள்ள கடனுக்கோ பொறுப்புக்கோ இன்னொருவர் தன்னையும் சேர்த்துப் பிணையாக்கிக்கொள்வது கபாலா. பொருளுக்குப் பிணை நிற்பது ஒரு வகை. ஆளை உரிய இடத்தில் ஆஜராக்குவேன் என்று பிணை நிற்பது இன்னொரு வகை. இரண்டிலும் சுமை கூடுவது கபீலின் தோளில். பிணை நிற்கிறார் என்பதால் மற்றவரின் உழைப்பின் மீதோ நடமாட்டத்தின் மீதோ அவருக்கு எந்த அதிகாரமும் வருவதில்லை. பிணை நிற்பதற்குக் கூலி வாங்குவது கூடாது என்பது பெரும்பான்மையான பிக்ஹு அறிஞர்களின் முடிவு. அது ஓர் உபகாரம், வியாபாரமல்ல.

இதை வைத்துப் பார்த்தால் வளைகுடாவில் நாம் கண்ட கபீல் யார்? தொழிலாளியின் வதிவிட அனுமதி அவர் பெயரில் இருக்கும். அவர் சம்மதிக்காமல் வேலை மாற முடியாது. பல நாடுகளில் அவர் அனுமதியில்லாமல் ஊருக்கும் வர முடியாமல் இருந்தது. ‘ஃபிரீ விசா’ என்று நம்மவர்கள் காணியை ஈடு வைத்து வாங்கிய விசாவின் கதை இன்னும் வேடிக்கை. வேலையே தராத ஒரு கபீல் தன் பெயரை மட்டும் விற்பார். வருடா வருடம் அதற்குக் காசும் வாங்குவார். பிக்ஹு தடுத்த ஒன்றுக்குப் பிக்ஹின் பெயரே சூட்டப்பட்டிருந்தது. இந்த முறையை ‘இஸ்லாமிய முறை’ என்று மேற்கத்தேய ஊடகங்கள் சொல்லும்போதும், நம்மவர்கள் சிலர் அப்படியே நம்பும்போதும் இந்த இடைவெளி மறைந்துபோகிறது.

முத்துக் கடலில் பிறந்த சட்டம்

அப்படியென்றால் இந்த முறை எங்கே தொடங்கியது? பஹ்ரைனைச் சேர்ந்த ஆய்வாளர் உமர் அல்ஷஹாபி 2019இல் வெளியிட்ட ஆய்வு இதன் தொடக்கத்தை 1920களின் பஹ்ரைனில் காட்டுகிறது. அப்போது அந்தத் தீவின் உயிர் முத்துக்குளிப்பு. நிர்வாகத்தில் ஓங்கியிருந்தது பிரித்தானியரின் கை. பருவகாலத்துக்கு வெளியூர்களிலிருந்து வந்து குவியும் குளியாட்களை யார் கண்காணிப்பது, யார் திருப்பி அனுப்புவது என்ற கேள்வி எழுந்தபோது, அவர்களைக் கொண்டுவரும் நகுதாவே, அதாவது படகின் தலைவனே, அவர்களுக்குப் பொறுப்பு என்று விதி வகுக்கப்பட்டது. அரசாங்கம் செய்ய வேண்டிய காவல் வேலையைச் செலவில்லாமல் முதலாளியிடம் ஒப்படைத்த ஏற்பாடு அது.

அந்தக் குளியாட்கள் ஏற்கெனவே நகுதாவிடம் கட்டுப்பட்டவர்கள்தான். பருவம் தொடங்க முன்னர் முற்பணம் வாங்குவார்கள். பருவம் முடிந்தும் கடன் தீராது. வாப்பா மௌத்தானால் கடன் மகனின் தலையில் விழும். முற்பணமும் ஆளுக்கான பொறுப்பும் ஒரே கையில் சேர்ந்ததும் கயிறு இறுகியது.

இந்தக் கதை இலங்கைக்குத் தூரத்துக் கதையல்ல. அந்த வளைகுடாக் குளியாட்களே மன்னார்க் கடலுக்கும் வந்தார்கள். 1905இல் மறிச்சுக்கட்டிக் கரையில் நடந்த பெரும் முத்துக்குளிப்பில் கீழக்கரை, காயல்பட்டினப் பக்கத்து முஸ்லிம்களோடு அறபுக் குளியாட்களும் இறங்கினார்கள். அன்று கடல் கடந்து கூலிக்கு வந்தவர்கள் அவர்கள். எழுபது, எண்பது வருடங்களில் பயணத்தின் திசை மாறிவிட்டது.

நம் நாட்டுத் ‘துண்டு’

கபாலாவை அறபிகளின் குணம் என்று பேசிவிடுவது சுலபம். இலங்கையின் சரித்திரம் அப்படிப் பேச நமக்கு இடம் தரவில்லை.

மலையகத் தோட்டங்களில் ‘துண்டு’ என்றொரு முறை இருந்தது. தென்னிந்தியாவிலிருந்து கங்காணி முற்பணம் கொடுத்து ஆள் திரட்டி வருவார். அந்தக் கடன் தொழிலாளியின் பெயரில் ஏறும். தோட்டத்தை விட்டு வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால், இவ்வளவு கடனைக் கட்டினால் இவர்களை விடுவிக்கிறேன் என்று துரை எழுதிக் கொடுக்கும் துண்டு வேண்டும். துண்டில்லாதவருக்கு மற்றத் தோட்டத்தில் வேலையில்லை. கடனை அடைத்து ஆட்களை எடுக்கும் புதிய தோட்டத்தில் அதே கடன் மறுபடி ஏறும். றியாத்திலும் தோஹாவிலும் நம்மவர்கள் ‘ரிலீஸ்’ என்று சொல்லி அலைந்த கடதாசியும் இதுவும் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள். துண்டு முறை 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

பின்னர் சுதந்திரம் வந்தது. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் மலையக மக்களை நாடற்றவர்களாக்கியது. 1949இன் இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் பிரஜாவுரிமைச் சட்டம், தனியாளாக இருந்தால் பத்து வருடமும் மணமுடித்தவராக இருந்தால் ஏழு வருடமும் இங்கே தொடர்ந்து வசித்ததை நிரூபிக்கச் சொன்னது. கொழும்பில் தலைமுறையாகக் கடை வைத்திருந்த காயல்பட்டின, கீழக்கரைக் குடும்பங்களும், அவர்களின் கடைச் சிப்பந்திகளும், மேமன் வியாபாரிகளும் இந்தக் கடதாசிகளுக்குள் அகப்பட்டார்கள். பலர் தற்காலிக வதிவிட அனுமதியில்தான் காலம் தள்ளினார்கள். அது புதுப்பிக்கப்படாதபோது மூட்டை கட்டினார்கள். உழைப்பு வேண்டும், உழைப்பவன் குடிமகனாக வேண்டாம் என்ற எண்ணம் எண்ணெய் கண்ட நாடுகளுக்கு மட்டும் சொந்தமானதல்ல.

எண்ணெயும் சீதன வீடும்

1932இல் பஹ்ரைனில் எண்ணெய் வந்தது. ஜப்பானின் வளர்ப்பு முத்தும் உலகப் பொருளாதார மந்தமும் முத்துத் தொழிலைச் சாய்த்தன. ஆனால் முத்துக் காலத்தின் விதி எண்ணெய்க் காலத்துக்கும் வந்து சேர்ந்தது. சவூதியின் வதிவிடச் சட்டம் 1952இல் வந்தது. குவைத்தில் 1959இல், ஐக்கிய அறபு இராச்சியத்தில் 1973இல். ஒவ்வொன்றிலும் வெளிநாட்டவர் உள்ளே இருப்பதற்கு உள்நாட்டவர் ஒருவர் பொறுப்பாக வேண்டும் என்பதே அடிப்படை. 1973க்குப் பிறகு எண்ணெய் விலை ஏறியதும் தெற்காசியாவின் கிராமங்களெல்லாம் அந்தச் சட்டங்களுக்குள் இழுக்கப்பட்டன.

இலங்கையில் 1977இன் திறந்த பொருளாதாரம் இந்த வாசலை அகலத் திறந்தது. 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தை உருவாக்கியது. மருதானைப் பக்கத்து ஏஜென்சிகளுக்கும் நிந்தவூர், ஒலுவில், அட்டாளைச்சேனை, பொத்துவில் வீடுகளுக்கும் நடுவில் சப்-ஏஜென்ட் என்ற புதிய மனிதர் தோன்றினார். பெரும்பாலும் சொந்தக்காரர், இல்லையென்றால் தெரிந்தவர்.

நம் பிரதேசத்தில் இந்தப் பயணத்துக்கு ஒரு தனிக் காரணமும் இருந்தது. 1969 முதல் அக்கரைப்பற்றில் களஆய்வு செய்த மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே எழுதியிருப்பது நமக்கெல்லாம் தெரிந்த விடயந்தான். இந்தக் கரையோரத்தில் முஸ்லிம்களானாலும் தமிழர்களானாலும் குடி என்பது தாய்வழி. கலியாணம் முடித்த மாப்பிள்ளை பெண் வீட்டில் குடியேறுவார். வீடும் வளவும் மகளுக்குச் சீதனமாகப் போகும். மூன்று பெண் பிள்ளைகள் என்றால் மூன்று வீடு. வயல் இதற்குப் போதவில்லை. “இந்த வீட்டுக் கூரை குவைத்து, அந்த வீட்டு மதில் ஜித்தா” என்று இன்றும் காட்டும் அளவுக்கு ஊரின் கல்லும் சீமெந்தும் கபீலின் கடதாசியிலிருந்து வந்தவைதான்.

வாப்பாமார் மட்டும் போகவில்லை, உம்மாமாரும் போனார்கள். சவூதி வீடுகள் முஸ்லிம் பெண்களை விரும்பிக் கேட்டதால், நாட்டின் சனத்தொகையில் நமக்குள்ள பங்கை விட வீட்டுப்பணிக்குப் போனவர்களில் நம் பெண்களின் பங்கு அதிகமாக இருந்தது. அவர்கள் போன இடம் தொழிற்சட்டமே எட்டாத இடம்; சவூதியின் 2005ஆம் ஆண்டுத் தொழிற்சட்டம் வீட்டுப் பணியாளர்களை விலக்கியே வைத்தது. பின்னைய வருடங்களில் கபீல் ஏஜென்சிக்குக் காசு கொடுப்பார். ஏஜென்சி அதில் ஒரு பகுதியைப் போகும் பெண்ணின் குடும்பத்துக்கு முன்கூட்டியே கொடுக்கும். ‘காசு தந்து கூட்டிப் போறாங்க’ என்று ஊர் அதை நன்மையாகப் பேசியது. ஆனால் இரண்டு மாதத்தில் அந்தப் பெண் ‘என்னால ஏலா, வரப்போறன்’ என்று அழுதால், ‘கொடுத்த காசை வைச்சிட்டுக் கூட்டிப்போங்க’ என்பதுதான் பதில். நகுதாவின் முற்பணம், கங்காணியின் முற்பணம், ஏஜென்சியின் முற்பணம்: மூன்றும் ஒரே வேலையைத்தான் செய்தன. வீட்டை விட்டு ஓடினால் ‘ஹுரூப்’ என்று கபீல் ஒரு முறைப்பாடு வைத்தால் போதும், அவள் சட்டவிரோதமானவள்.

1990 ஆகஸ்ட்

வதிவிட உரிமை இல்லாத வாழ்க்கை எவ்வளவு மெல்லிய நூலில் தொங்குகிறது என்பதைக் கிழக்கு முஸ்லிம்கள் ஒரே வாரத்தில் இரண்டு பக்கமிருந்தும் கண்டார்கள். 1990 ஆகஸ்ட் 2, வியாழக்கிழமை, ஈராக்கியப் படை குவைத்துக்குள் நுழைந்தது. மறுநாள் வெள்ளி இரவு காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். பத்து நாட்களுக்குள் ஏறாவூர். குவைத்திலிருந்த இலங்கையர்கள் கடவுச்சீட்டு கபீலிடம் இருக்க, சம்பளம் நிலுவையில் இருக்க, ஈராக்கைக் கடந்து ஜோர்தான் எல்லைக்குப் போனார்கள். அவர்களில் கிழக்கைச் சேர்ந்தவர்களுக்கு ஊர் திரும்புவதே பயமாக இருந்தது. அங்கே இருக்க உரிமையில்லை; இங்கே இருக்கப் பாதுகாப்பில்லை.

பின்னர் ஐக்கிய நாடுகள் நட்டஈட்டு ஆணைக்குழு, ஈராக்கின் எண்ணெய் வருமானத்திலிருந்து, குவைத்தை விட்டு வெளியேறியவர்களுக்கு ஆளுக்கு 2,500 டொலர் என்றும், வேறு கோரிக்கை வைக்காதவர்களுக்கு 4,000 டொலர் என்றும் நிர்ணயித்தது. வீட்டுப்பணிப் பெண்ணும் அந்தப் பட்டியலில் இருந்தாள். ‘இந்த நாட்டில் எனக்கொரு வாழ்க்கை இருந்தது, அது பறிபோனது’ என்று நம் தொழிலாளி சொன்னதை ஒரு சர்வதேசச் சபை ஏற்றுப் பணம் கொடுத்தது நம் வளைகுடாச் சரித்திரத்தில் அபூர்வமான ஒன்று.

மற்றக் கையெழுத்து

இப்போது மற்றப் பக்கத்தைப் பார்ப்போம். 1955இல் கனடா கரீபியன் தீவுகளிலிருந்து பெண்களை வீட்டு வேலைக்கு எடுக்கும் திட்டமொன்றைத் தொடங்கியது. நிறவெறி நிறைந்த காலம். திட்டத்திலும் அது இருந்தது. ஆனாலும் ஒரு வருடம் வீட்டு வேலை செய்த பெண் விரும்பிய தொழிலுக்குப் போகலாம், அந்த நாட்டிலேயே நிரந்தரமாக வாழலாம். 1992இல் வந்த பராமரிப்பாளர் திட்டமும் முதலாளியின் வீட்டில் இரண்டு வருட வேலைக்குப் பிறகு நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பிக்க வழி வைத்தது. அங்கேயும் பெண்கள் சுரண்டப்பட்டார்கள், அழுதார்கள். ஆனால் அந்த அழுகைக்கு ஒரு கடைசித் திகதி இருந்தது. நம் உம்மாமார் ஜித்தாவில் செய்ததும் அதே வேலைதான்.

அமெரிக்காவில் ஒருவரை நிரந்தரமாக எடுக்க விரும்பும் தொழில்தருநர் பெரும்பாலும் முதலில் விளம்பரம் செய்து, அந்த வேலைக்கு உள்ளூரில் தகுந்த ஆள் இல்லை என்று தொழிற் திணைக்களத்துக்குக் காட்ட வேண்டும். அந்தப் பகுதியில் நிலவும் சம்பளத்தைக் கொடுக்க வேண்டும். இந்தச் சான்றிதழுக்கான செலவைத் தொழிலாளியின் தலையில் போடக்கூடாது என்பது 2007 முதல் விதி. நிரந்தர வதிவிட விண்ணப்பம் 180 நாளுக்கு மேல் கிடப்பில் இருந்தால் அதே வகை வேலைக்கு வேறு முதலாளியிடம் போகலாம் என்று 2000ஆம் ஆண்டின் சட்டம் சொல்கிறது. அவுஸ்திரேலியா, அனுசரணைக்காகத் தொழிலாளியிடம் காசு வாங்குவதை 2015 டிசம்பரில் குற்றமாக்கியது. நம் ஊரில் பகிரங்கமாக நடந்த ‘ஃபிரீ விசா’ வியாபாரம் அங்கே தண்டனைக்குரியது.

இந்த நாடுகளையும் புகழ்ந்து முடிக்க ஏலாது. அங்கும் விசா முதலாளியோடு கட்டியிருக்கிறது. இந்தியர்கள் அமெரிக்கப் பச்சை அட்டைக்குப் பல வருடம் வரிசையில் நிற்கிறார்கள். படித்தவனுக்குத் திறக்கும் கதவு கூலிக்காரனுக்குப் பாதிதான் திறக்கும். வேறுபாடு ஒன்றுதான்: அங்கே கயிற்றுக்கு ஒரு முனை உண்டு. தென்கொரியாவைப் பாருங்கள். 2004 முதல் இலங்கையரை எடுக்கும் அந்த நாட்டின் முறையில் ஒரு தடவைக்கு ஆகக்கூடிய தங்கல் 4 வருடமும் 10 மாதமும். ஐந்து வருடம் நிறைந்தால் நிரந்தரமாகத் தங்கும் உரிமை பற்றிய பேச்சு வரும் என்பதால் இரண்டு மாதம் குறைத்து வைத்தார்கள்.

திறந்த கதவு யாருக்கு?

வளைகுடாவும் நின்ற இடத்தில் நிற்கவில்லை. 2009இல் பஹ்ரைன் கபாலாவை ஒழிக்கிறோம் என்றது. 2011இல் ஒரு வருடம் அதே முதலாளியிடம் இருக்க வேண்டும் என்று பாதி பின்வாங்கியது. கட்டார் உலகக் கிண்ண நெருக்குதலில் 2020இல் முதலாளியின் அனுமதியின்றி வேலை மாறலாம் என்றது. 2021இல் 1,000 ரியால் குறைந்தபட்சச் சம்பளம் வந்தது. சவூதி 2021 மார்ச்சில் தளர்வுகளைக் கொண்டுவந்தது. வீட்டுப் பணியாளரும் வீட்டுச் சாரதியும் அதற்குள் வரவில்லை.

நிரந்தர வதிவிடமும் அங்கே வந்துவிட்டது. கட்டாரின் 2018ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டப்படி, வெளியே பிறந்தவர் 20 வருடம் வாழ்ந்திருக்க வேண்டும். போதிய வருமானமும் அறபு மொழியறிவும் வேண்டும். வருடத்துக்கு 100 பேருக்குத்தான் கொடுக்கலாம். சவூதியின் விசேட வதிவிடம் 2019இல் அறிமுகமானபோது நிரந்தர அனுமதியின் விலை 800,000 ரியால். மாதம் 1,500 ரியால் சம்பளக்காரர் ஒரு ரியாலும் செலவழிக்காமல் சேர்த்தால் அதற்கு 44 வருடம் தேவை. அந்தக் கதவுக்குக் கபீல் தேவையில்லை, காசு தேவை. அதற்கு இரண்டு வருடம் முன்னர், 2017 ஜூலையில், குடும்பத்தோடு இருந்தவர்கள் மீது தலைக்கு மாதம் 100 ரியால் வரி போட்டு, 2020இல் அதை 400 ஆக்கினார்கள். அங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளோடு குடும்பங்கள் திரும்பின. அந்தப் பிள்ளைகளுக்கு ஊர் விடுமுறை இடமாகத்தான் தெரிந்திருந்தது.

எழுதப்படாத ஏடு

இந்தக் கரையோரத்தின் வயற்காணி உறுதிகள் இருக்கின்றன. குடி மரபுகள் எழுதப்பட்டிருக்கின்றன. பள்ளிவாசல் ஏடுகள் இருக்கின்றன. ஆனால் அரை நூற்றாண்டாக ஊரைக் கட்டிய பயணத்துக்கு ஓர் ஏடு இல்லை. பழைய இகாமாக்கள், அறபிலும் ஆங்கிலத்திலும் இரண்டு விதமாக எழுதப்பட்ட ஒப்பந்தங்கள், நீல வான்கடிதங்கள், உம்மாமார் பேசி அனுப்பிய கசெட்டுகள் அலுமாரிகளின் அடித்தட்டில் கிடக்கின்றன. வீடு வெள்ளையடிக்கும்போது எறிபடுகின்றன. எண்பதுகளில் போனவர்கள் ஒவ்வொருவராக மௌத்தாகிறார்கள். பள்ளிவாசல் நிருவாகங்களும், பாடசாலைகளும், ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழக மாணவர்களும் சேர்ந்தால் ஒரு வருடத்தில் ஒரு நல்ல சேகரிப்பு உருவாகும்.

அது பழம்பெருமைக்காக அல்ல. இப்போது நம் பிள்ளைகள் கொரியாவுக்கும் ஜப்பானுக்கும் ருமேனியாவுக்கும் கடதாசி எடுக்கிறார்கள். சம்பளத்தைக் கேட்பதோடு இன்னும் நாலு கேள்வி கேட்கப் பழக வேண்டும். விசாவுக்கான செலவு யாருடையது? முற்பணம் யார் தருகிறார், எதற்குத் தருகிறார்? முதலாளி சரியில்லையென்றால் மாற ஏலுமா? எத்தனை வருடத்தில் அந்த நாடு என்னைத் தன் ஆளாக ஏற்கும், அல்லது ஏற்கவே மாட்டாதா? நகுதாவின் முன் நின்ற குளியாளுக்கும் துரையின் முன் நின்ற தோட்டத் தொழிலாளிக்கும் இவற்றைக் கேட்க வழியிருக்கவில்லை. துண்டை ஒழிக்க ஒரு சட்டம் போதுமாக இருந்தது. அந்தச் சட்டத்துக்கு முன்னால், துண்டு என்றால் என்னவென்று எழுதிவைத்த பலர் இருந்தார்கள்.